பெண்களுக்கு ஜிஹாத் உண்டா?

அன்னை ஆயிஷா சித்தீக்கா (ரலி) அவர்கள் ஒரு முறை பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அமல்களில் எல்லாம் மேலானது ஜிஹாத் என்று அறிந்திருக்கின்றோமே, அப்படியானால் பெண்களாகிய நாங்களும் புறப்பட வேண்டாமா என்பதே அக்கேள்வி. உங்களுக்குரிய மேலான ஜிஹாத், ஒப்புக்கொள்ளப்பட்ட ஹஜ் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம் பெற்றுள்ள செய்தி இது. இப்னு மாஜாவின் அறிவிப்பிலே, பெண்களுக்கு ஒரு ஜிஹாத் உண்டு, அதில் சண்டை கிடையாது, அது ஹஜ்ஜும் உம்ராவும் என்று வருகிறது.

இந்த ஹதீஸை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அன்னையவர்கள் கேட்டது விடுமுறை அல்ல, பங்கு என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? எங்களை விட்டுவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களுக்கும் உண்டா என்றே கேட்டார்கள். கிடைத்த விடையும் இல்லை என்பதல்ல. உண்டு என்பதே. அந்த விடையில் பெருமானார் (ஸல்) அவர்கள், வாளும் வில்லும் இல்லாத ஒரு நெடும் பயணத்துக்கு ஜிஹாத் என்னும் பெயரைச் சூட்டினார்கள். ஆண் பெண் இருபாலரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

இன்று இந்தச் சொல் இரண்டு பேரிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு படுகிறது. வெளியே பத்திரிகைக்காரர்கள் 'புனிதப் போர்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். திருமறையில் எங்கு தேடினாலும் 'புனிதப் போர்' என்னும் தொடர் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. துப்பாக்கி ஏந்திய சில கூட்டத்தாரோ அந்த மொழிபெயர்ப்புக்கு அரபியிலேயே உரை எழுதிக் கொண்டிருக்கிறார்கள். இது ஒரு புறம். மறு புறம், நம் வீடுகளுக்குள்ளே வேறொரு பொருள் வழங்குகிறது. பெண்ணுக்கு ஜிஹாத் என்றால் ஸபூர், ஸபூர் என்றால் வாயைத் திறவாதிருத்தல் என்பது அது. முதல் தவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுத நமக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பெண்கள் பயான் நடந்தது. முடிவில் திரைக்கு அப்பாலிருந்து ஒரு சீட்டு வந்தது. கணவருக்கும் அவருடைய தம்பிக்கும் பேச்சு வார்த்தை அற்று ஆறு வருடமாகிறது என்றும், வாப்பா விட்டுச் சென்ற இடத்தில் தம்பியின் பங்கைத் தம் கணவர் தராமல் வைத்திருப்பதே காரணம் என்றும், மைத்துனர் மனைவியைத் தெருவில் கண்டால் தாமும் முகத்தைத் திருப்பிக் கொள்வதாகவும் ஒரு சகோதரி எழுதியிருந்தார். கடைசி வரியில், நான் ஸபூர் செய்கிறேன், இது என் ஜிஹாத் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தார். நாம் என்ன செய்தோம்? நேரமாகிவிட்டது என்று சொல்லி, ஸபூர் செய்யுங்கள், துஆ செய்யுங்கள் என இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். அந்தச் சீட்டு இன்றும் நம் கிதாபு ஒன்றின் நடுவே இருக்கிறது. அந்தச் சகோதரிக்குத் தோன்றியதுதான் சரி என்று இப்போது நினைக்கிறோம்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். ஜிஹாத் என்பது ஜஹ்து என்னும் வேரிலிருந்து பிறந்த சொல். சிரமம், முயற்சி, உள்ள சக்தியெல்லாம் கொண்டு முனைதல் என்பது பொருள். போர் புரிவதைக் குறிக்கத் திருமறையில் கிதால் என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஸூரத்துல் ஃபுர்கானின் 52ஆம் வசனம், இந்தக் குர்ஆனைக் கொண்டு பெரியதொரு ஜிஹாத் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடுகிறது. அது மக்காவில் இறங்கிய ஸூரா. மக்காவில் கழிந்த 13 ஆண்டுகளில் முஸ்லிம்கள் அடி வாங்கினார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டுப் பள்ளத்தாக்கில் பசித்துக் கிடந்தார்கள், அபிஸீனியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆனால் போருக்குப் புறப்படவில்லை. பெரிய ஜிஹாத் என்ற சொல் அந்த நாட்களில்தான் இறங்கியது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்றோர் தம் பிள்ளையை இணை வைக்கும்படி வற்புறுத்தினால் கீழ்ப்படியாதே, ஆயினும் உலக வாழ்வில் அவர்களுடன் நல்ல முறையில் நடந்துகொள் என்று ஸூரா லுக்மானின் 15ஆம் வசனம் கூறுகிறது. அந்தப் பெற்றோரின் வற்புறுத்தலைச் சொல்லவும் இதே வேர்ச்சொல்தான் வந்திருக்கிறது. போருக்குப் போக அனுமதி கேட்டு வந்த ஒரு மனிதரிடம், தாய் தந்தையர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களிடத்திலேயே ஜிஹாத் செய் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பியதும் புகாரியில் உண்டு.

இதனால் மார்க்கத்தில் போருக்கு ஜிஹாத் என்னும் பெயரே கிடையாது என்று நாம் சாதிக்க வரவில்லை. அப்படிச் சொன்னால் அது உண்மையாகாது. ஃபிக்ஹு நூல்களில் ஜிஹாதுப் பாடம் பெரும்பாலும் போர்ச் சட்டங்களைப் பற்றியதே. அநீதி இழைக்கப்பட்டு வீடு வாசலிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு முதல் அனுமதி தரப்பட்டது ஸூரத்துல் ஹஜ்ஜின் 39, 40ஆம் வசனங்களில். உஹதுக் களத்தில் நுஸைபா பின்த் கஅப் (ரலி) அவர்கள் நாயகத்தைக் காக்க வாளெடுத்து நின்று காயம்பட்டதை யார் மறைக்க முடியும்? ஆனால் அந்தப் போருக்கு வரம்பு உண்டு. பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வரம்பை மீறிவிட்டு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வது எவருக்கும் ஆகாது.

இன்னொரு பக்கமும் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பிவிட்டோம் என்று ஒரு வாசகம் மேடைதோறும் ஹதீஸாகச் சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் எழுதியிருக்கிறார்கள். நல்ல கருத்து என்பதற்காகப் பலவீனமான தூணில் வீட்டை நிறுத்த வேண்டியதில்லை. தன் நஃப்ஸுடன் ஜிஹாத் செய்பவனே முஜாஹித் என்னும் கருத்தில் ஃபழாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதியில் வரும் ஹதீஸ் நமக்குப் போதும்.

சரி, நஃப்ஸுடன் ஜிஹாத் என்றால் என்ன? நாம் உடனே தஹஜ்ஜுதையும் நஃபிலான நோன்பையும் நினைக்கிறோம். கோபத்தை அடக்குவதை நினைக்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் நஃப்ஸ் என்பது ஒற்றை ஆளாய் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் வஸ்து அல்ல. அதற்கு ஒரு குடும்பம் உண்டு, ஒரு தெரு உண்டு, ஓர் இனம் உண்டு. நான் என்று அது சொல்லும்போது வெட்கப்படுகிறோம். எங்கள் வீடு, எங்கள் ஆட்கள் என்று சொல்லும்போது அதையே விசுவாசம் என்றும் மானம் என்றும் கொண்டாடுகிறோம். அநியாயக்காரனாயினும் அநியாயம் செய்யப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஸஹாபாக்களே திகைத்து, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவனுடைய கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது விடை. நீதிக்குச் சாட்சி நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரியே என்று ஸூரத்துன்னிஸாவின் 135ஆம் வசனம் கட்டளையிடுவதும் இதையே. எதிரியின் கையைப் பிடிப்பது எளிது. சொந்தக்காரன் கையைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஆக, ஸபூர் எங்கே முடிகிறது, மௌனம் எங்கே தொடங்குகிறது என்பதே நம் கேள்வி. நம் மீது விழும் துன்பத்தைத் தாங்கிக்கொண்டு நேர்மை தவறாதிருத்தல் ஸபூர். நம்மவர் பிறர் மீது போடும் துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் அதே பெயரை வைக்கலாமா? மற்றவருடைய முதுகில் விழும் அடிக்கு நாம் எப்படி ஸபூர் செய்ய முடியும்?

இந்த இடத்தில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்ட நாளில் அவர்களுடைய சொந்தக் குலத்தார் கணவரிடமிருந்து அவர்களைப் பிரித்து நிறுத்திக்கொண்டார்கள். கணவரின் குலத்தாரோ, எங்கள் பிள்ளையை உங்களிடம் விடமாட்டோம் என்று கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கணவர் மதீனாவில், குழந்தை ஒரு கூட்டத்தாரிடம், தாய் மற்றொரு கூட்டத்தாரிடம். ஏறக்குறைய ஓராண்டு காலம் ஒவ்வொரு நாளும் அப்தஹ் வெளியில் உட்கார்ந்து அழுதார்கள். பின்னர் அவர்களைப் பாதுகாப்பாக மதீனா எல்லை வரை ஒட்டகத்தில் அழைத்துச் சென்றவர் உஸ்மான் இப்னு தல்ஹா. அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. அவரைப் போன்ற கண்ணியமான வழித்துணையைக் கண்டதில்லை என்று அன்னையவர்கள் பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்தார்கள். கணவர் அபூ ஸலமா (ரலி) அவர்கள் உஹதில் பட்ட காயம் ஆறாமல் மீண்டும் திறந்துகொண்டதால் வஃபாத்தானார்கள். குறைஷிகள் என்றால் உம்மு ஸலமாவுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையைப் பிடுங்கியவர்கள், கணவரைக் கொன்றவர்கள்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், ஹுதைபிய்யாவில் அந்தக் குறைஷிகளுடன்தான் உடன்படிக்கை ஆயிற்று. உம்ராவுக்கென்று இஹ்ராம் கட்டி வந்த சுமார் 1400 ஸஹாபாக்கள் கஅபாவைக் காணாமலே திரும்ப வேண்டும். ஒப்பந்தத்தில் ரஸூலுல்லாஹ் என்னும் சொல் கூட அழிக்கப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் கால் விலங்கோடு தப்பி வந்து விழ, அவரைத் திருப்பி ஒப்படைக்க நேர்ந்தது. உமர் (ரலி) அவர்களே மனம் பொறுக்காமல் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எழுந்து பலியிடுங்கள், தலை முடி களையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை சொன்னார்கள். ஒருவர் கூட எழவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் வந்து உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் தந்த ஆலோசனை வியப்புக்குரியது. யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், வெளியே சென்று தங்கள் ஒட்டகத்தை அறுங்கள், முடி களைபவரை அழைத்துத் தங்கள் தலை முடியைக் களையச் சொல்லுங்கள் என்றார்கள். அவ்வாறே நடந்தது. கண்ட ஸஹாபாக்கள் எல்லோரும் எழுந்தார்கள். துக்கத்தில் ஒருவர் தலையை ஒருவர் சிரைக்கும்போது காயப்படுத்திவிடுவார்களோ என்று அஞ்சுமளவுக்கு நெருக்கிக்கொண்டு எழுந்தார்கள் என்கிறது புகாரி. திரும்பும் வழியில் ஸூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது. வாளுறையிலிருந்து வாள் எடுபடாத ஒரு நிகழ்ச்சிக்குத் தெளிவான வெற்றி என்று அல்லாஹ் பெயரிட்டான். மக்காவின் பள்ளத்தாக்கில் அவர்கள் கைகளை உங்களை விட்டும், உங்கள் கைகளை அவர்களை விட்டும் அவனே தடுத்தான் என்று அந்த ஸூராவின் 24ஆம் வசனம் நினைவூட்டுகிறது.

பழி கேட்க யாரையும் விட அதிக உரிமை பெற்றிருந்த ஒரு பெண்மணி, பழி வாங்கும் வழியை அடைத்த உடன்படிக்கை நிலைபெற யோசனை சொன்னார்கள். நாயகத்தின் காலத்தோடு முடிந்த கதையா இது என்று கேட்டால், இல்லை. நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் வடகிழக்கே, சோமாலியா எத்தியோப்பியா எல்லைகளை ஒட்டிய வறண்ட பூமி வஜீர். ஒட்டகமும் ஆடும்தான் மக்களின் செல்வம். சோமாலி மொழி பேசும் அம்மக்கள் முஸ்லிம்கள். அஜூரான், தெகோதியா, ஒகாதேன் என்று குலங்கள். எல்லோரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள் என்றாலும் கிணறும் மேய்ச்சலும் வரும்போது குலம் முன்னே வந்து நிற்கும். கென்யா 1963இல் சுதந்திரம் பெற்ற பிறகும் அந்தப் பகுதி பல்லாண்டுகள் அவசரச் சட்டத்தின் கீழ் கிடந்தது. 1984 பிப்ரவரியில் வகல்லா விமானத் தளத்தில் பாதுகாப்புப் படையினர் தெகோதியா ஆண்களைத் திரட்டிவந்து கொன்ற கொடுமையும் அங்கே நடந்தது. 1991இல் சோமாலிய அரசு சரிந்ததும் துப்பாக்கிகளும் அகதிகளும் எல்லை தாண்டி வந்தனர். அதே சமயம் கடும் பஞ்சம். 1992இல் வந்த தேர்தல் குலப் பகையை மேலும் மூட்டிவிட்டது. அதன் பிறகு கொலைக்குக் கொலை, கொள்ளைக்குக் கொள்ளை.

தெக்கா இப்ராஹீம் அப்தி என்னும் இளம் தாய் அந்த ஊரில் 1964இல் பிறந்தவர். 1992இல் ஓர் இரவு வீட்டருகே சுடத் தொடங்கியபோது மூத்த குழந்தையை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார். விடிந்ததும் அவருடைய தாயார், நீ குழந்தையாக இருந்தபோது நானும் இப்படித்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தேன் என்றார். தாய்க்கு ஒரு கட்டில், மகளுக்கு ஒரு கட்டில், நாளை பேத்திக்கும் ஒரு கட்டிலா? அந்தக் காலையில்தான் தமக்குள் ஏதோ திரும்பியது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவரும் வேறு சில பெண்களும் பேசத் தொடங்கினார்கள். ஒரு டஜன் பேர் கூட இராது. பட்டம் பதவி இல்லை, பணம் இல்லை. எங்கே தொடங்குவது? அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் சந்தை. ஏன் தெரியுமா? சண்டை அங்கே வந்துவிட்டது. ஒரு குலத்துப் பெண் மற்றக் குலத்துப் பெண்ணுக்குச் சரக்கு விற்பதில்லை, அவளிடம் வாங்குவதுமில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் ஆண்கள்தான். ஆனால் பக்கத்துக் கடைக்காரியைத் துரத்தியவர்கள் பெண்கள். பழி வாங்காத தம்பியை ஏளனம் செய்கிற வாயும் பெண்ணின் வாயாக இருப்பது அங்கு மட்டுமா உண்டு? ஆகவே அவர்கள் ஆண்களைக் குறை சொல்லி ஊர்வலம் போகவில்லை. தங்கள் கைக்கு எட்டிய தங்கள் குற்றத்திலிருந்து தொடங்கினார்கள். எந்தக் குலத்தவளாயினும் இந்தச் சந்தையில் அச்சமின்றி விற்கலாம், வாங்கலாம் என்று முடிவு செய்து, சந்தையில் ஆட்களை நிறுத்திக் கண்காணித்தார்கள். எங்கேனும் குலத்தின் பேரால் ஓர் அவமதிப்பு நடந்தால் ஒரு சிறு குழு உடனே ஓடி, இருவரையும் உட்கார வைத்துத் தீர்த்தது. நஃப்ஸுடன் ஜிஹாத் என்று கிதாபில் படிக்கிறோமே, அது கடைத்தெருவில் ஒரு படி பாலை முகம் கோணாமல் அளந்து கொடுப்பதாகவும் இருக்கலாம் என்பது நமக்கு இங்கேதான் விளங்கிற்று.

தங்களோடு சேர வருகிறவர்களிடம் அவர்கள் ஒரு கேள்வி வைத்தார்கள். என் குலத்தார் உன் உறவினரைக் கொன்றுவிட்டால், அப்போதும் நீ என்னோடு சேர்ந்து சமாதானத்துக்கு உழைப்பாயா? ஆம் என்று சொல்ல முடியாவிட்டால் எங்களோடு சேர வேண்டாம். இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு நாம் வெகு நேரம் கிதாபை மூடி வைத்திருந்தோம். உஹதுக்குப் பிறகு உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் யாரேனும் இப்படிக் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, அதை ஹுதைபிய்யாவில் செய்து காட்டிவிட்டார்கள் அல்லவா? சமாதானம் என்பது இளகிய மனத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தம் நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்லிப் பார்க்கட்டும்.

சந்தை அமைதியான பிறகு பெரியவர்களிடம் போனார்கள். போன விதமும் அழகு. எல்லாவற்றிலும் சிறிய குலத்தைச் சேர்ந்த, வயதில் மூத்த ஒரு பெரியவரை முதலில் அணுகினார்கள். சிறிய குலம் என்பதால் எவரும் அவரைக் கண்டு அஞ்சார். கூட்டத்தில் அவர் எழுந்து, உண்மையில் நாம் எதற்காகச் சண்டையிடுகிறோம், இதில் யாருக்கு லாபம் என்று மற்றப் பெரியவர்களைக் கேட்டார். பெண்கள் கேட்க நினைத்த கேள்வி பெரியவரின் வாயால் வந்தது. 1993 செப்டம்பரில் குலத் தலைவர்கள் கூடி அல்-ஃபத்தாஹ் பிரகடனம் என்னும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார்கள். பெயரைக் கேட்டதும் நமக்கு ஸூரத்துல் ஃபத்ஹ் நினைவுக்கு வராமல் போகாது. பின்னர் வாலிபர்களிடம் போனார்கள். துப்பாக்கியை விட்டுவிட்டால் பிழைப்புக்கு என்ன வழி என்று அவர்கள் கேட்டதும், வியாபாரிகளிடம் போய் வேலைக்கு வழி தேடினார்கள். அரசு அதிகாரிகளையும் கூட்டிச் சேர்த்தார்கள். 1995இல் இவையெல்லாம் இணைந்து வஜீர் சமாதான வளர்ச்சிக் குழு என்று ஓர் அமைப்பாயிற்று. கென்யாவின் மற்ற மாவட்டங்களிலும் இதைப் பார்த்துச் சமாதானக் குழுக்கள் ஏற்பட்டன. தெக்கா 2007இல் ஸ்டாக்ஹோமில் 'ரைட் லைவ்லிஹுட்' பரிசு பெற்றார். 2011 ஜூலையில் ஒரு சாலை விபத்தில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அத்துடன் அந்தப் பூமியில் சண்டையே ஒழிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 2014இலும் அப்பகுதியில் குலச் சண்டை மூண்டு உயிர்கள் போயின. ஒரு முறை தொழுதவன் இனித் தொழ வேண்டாம் என்று இருக்கிறதா?

ஆலிம் பெருமக்களில் சிலர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். சந்தையைச் சீர் செய்வதும் சண்டையை விலக்குவதும் நல்ல காரியம்தான், அதை இஸ்லாஹ் என்று சொல்லுங்கள், ஜிஹாத் என்று ஏன் சொல்லவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் இருவரையும் இணக்கப்படுத்துங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் சொல்லும்போது இஸ்லாஹ் என்னும் சொல்தான் வருகிறது. சொல்லுக்காக நாம் வழக்காட விரும்பவில்லை. ஆனால் ஹஜ்ஜுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைக்கும் கொடுத்தார்கள். அநியாயம் செய்யும் ஆட்சியாளன் முன் சொல்லும் நீதியான வார்த்தைக்கும் கொடுத்தார்கள் என்பது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. இவற்றிலெல்லாம் பொதுவாக இருப்பது என்ன? அல்லாஹ்வின் பொருத்தம் நாடி, உடம்புக்கும் உள்ளத்துக்கும் கஷ்டமான ஒன்றை, இழப்பு வரும் என்று தெரிந்தே ஏற்பது. அந்தக் கஷ்டம் வஜீர் பெண்களிடம் இருந்ததா இல்லையா? அவர்களை அவரவர் குலத்தார் என்னவென்று ஏசியிருப்பார்கள் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நம் கிதாபில் இருக்கும் சீட்டுக்கு வருகிறோம். அந்தச் சகோதரியை நாம் வஜீருக்குப் போகச் சொல்லவில்லை. கணவரோடு சண்டைக்கு நில்லுங்கள் என்றும் சொல்லவில்லை. இன்று அவர் எதிரே இருந்தால் இப்படிச் சொல்லியிருப்போம். தாயே, உங்களுக்கு அது ஸபூராகத் தோன்றாததற்குக் காரணம், துன்பம் உங்கள் மீது இல்லை, உங்கள் வீட்டால் இன்னொரு வீட்டின் மீது இருக்கிறது. பங்கு தர வேண்டியவர் உங்கள் கணவர். அதை நல்ல நேரம் பார்த்து, தனிமையில், கண்ணியமாக, ஒரு முறை அல்ல பல முறை, அவருக்கு எடுத்துச் சொல்வது அவருக்கு நீங்கள் செய்யும் உதவி. அவர் கேட்காவிட்டால் அவர் மதிக்கும் ஒரு பெரியவரைத் தேடுங்கள். அதற்கு நாளாகும். ஆனால் மைத்துனர் மனைவியைத் தெருவில் கண்டால் ஸலாம் சொல்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? அது உங்கள் சந்தை. அன்று இதைச் சொல்லாமல் எழுந்து வந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவே இதை எழுதுகிறோம். அவர் இந்த இதழைப் படிப்பவராக இருக்க வேண்டும்.

வஜீருக்கு வடக்கே அடுத்த மாவட்டம் மந்தேரா. 2014 நவம்பரில் அங்கே ஒரு பஸ்ஸை வழிமறித்த அல்-ஷபாப் கூட்டத்தார், முஸ்லிமல்லாத பயணிகளைத் தனியே பிரித்து 28 பேரைக் கொன்றார்கள். தங்களை முஜாஹிதுகள் என்று அழைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு 2015 டிசம்பர் 21ஆம் தேதி, நைரோபியிலிருந்து மந்தேரா சென்ற மற்றொரு பஸ்ஸை அதே கூட்டத்தார் நிறுத்தினார்கள். முஸ்லிம்கள் ஒரு பக்கம், கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்று கட்டளையிட்டார்கள். பஸ்ஸில் இருந்த முஸ்லிம்கள் பிரிய மறுத்தார்கள். கொன்றால் எல்லோரையும் சேர்த்துக் கொல்லுங்கள், இல்லாவிட்டால் எங்களை விடுங்கள் என்று நின்றார்கள். இருவர் உயிரிழந்தார்கள். மறுத்து நின்றவர்களில் ஒருவரான ஸாலாஹ் ஃபாராஹ் என்னும் முஸ்லிம் ஆசிரியர், குண்டுக் காயத்தோடு சில வாரம் கிடந்து 2016 ஜனவரியில் வஃபாத்தானார்.

பஸ்ஸில் இருந்த முஸ்லிம் பெண்கள், துப்பாக்கிக்காரர்கள் ஏறுவதற்கு முன் கிடைத்த சில நிமிடத்தில், தங்களிடமிருந்த தலைத்துணிகளை எடுத்துப் பக்கத்து இருக்கைகளில் இருந்த கிறிஸ்தவப் பெண்களின் தலையில் போட்டுவிட்டார்கள். யார் எந்த மார்க்கம் என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஆயிற்று. அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அல்லாஹ் அறிவான். அவர்களுக்கும், அந்த ஆசிரியருக்கும், வஜீர்ச் சந்தையில் நின்ற அந்தச் சகோதரிகளுக்கும் அவன் தன் ரஹ்மத்தைப் பொழிவானாக! ஆமீன்.